நான்காம் நாள் கட்டிலை விட்டு இறங்கியவள்

என் தங்கை மகளுக்கு நான்கு வயதில் இதய ஆபரேஷன் நடந்தது. தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்குக் கொண்டுபோனோம். நெஞ்செலும்பைப் பிளந்து, இதயத்தை நிறுத்தி, உள்ளே தைத்து, மறுபடி துடிக்கவிட்ட பெரிய ஆபரேஷன். ஐ.சி.யூ.வில் மூன்று நாள் இருந்தாள். நான்காம் நாள் காலையில் நெஞ்சிலிருந்த டியூப்பை எடுத்துவிட்டு வார்டுக்கு மாற்றினார்கள். நுரையீரல் நன்றாக விரியட்டும் என்று நர்ஸ் ஒரு பலூனைக் கொடுத்து ஊதச் சொன்னார். பாதி ஊதியதும் அது கை நழுவி, புர்ரென்று சுற்றிப் பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. நாங்கள் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் பாப்பா ஒரு கையால் நெஞ்சுக் கட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கி, நாலடி நடந்து, குனிய முடியாமல் காலால் அந்தப் பலூனை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ சாமி, நடக்காதே!" என்று தங்கை அலறிவிட்டாள். நர்ஸ் பதறவில்லை. "விடுங்கம்மா, வலிச்சா அவளே நின்னுக்குவா" என்றார்.

அதே மாடியில் பைபாஸ் செய்துகொண்ட ஒரு பெரியவர் இருந்தார். அவருக்கு ஆபரேஷன் முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வராண்டாவில் பத்தடி நடந்தாலே முகம் வெளிறிவிடும். பாப்பா அவரைத் தாண்டிப் போனபோது, "கொழந்தைங்க உடம்பு வேற மாதிரிம்மா" என்றார். குழந்தைகள் வார்டில் இருந்து வந்த எல்லோரும் இதே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். சரி, எந்த விதத்தில் வேறு? அப்படி வேறாக இருப்பதால் நாம் எதை அவர்களிடமே விட்டுவிடலாம், எதை விடக் கூடாது? இந்த இரண்டையும் அன்றிலிருந்து டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பாப்பாவுக்கு இருந்தது டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ. 1888-இல் இதை விரிவாக எழுதிய ஃபாலோ என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஒரு ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியில் குறுகல், அந்தக் குறுகலை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தடித்துப்போன வலது அறை, இடம் சற்று நகர்ந்து ஓட்டைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும் பெருந்தமனி என்று நான்கு குறைகள் ஒன்றாக வருவது. ரத்தத்தில் ஒரு பகுதி நுரையீரலுக்குப் போகாமலே உடம்புக்குத் திரும்பிவிடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும்.

அவள் இரண்டு வயதிலிருந்து ஒரு காரியம் செய்துவந்தாள். கொஞ்ச தூரம் ஓடுவாள், சட்டென்று நின்று குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வாள், இரண்டு நிமிடம் கழித்து எழுந்து மறுபடி ஓடுவாள். களத்திலும் உட்காருவாள், கோயில் வாசலிலும் உட்காருவாள். செல்லம், பிடிவாதம் என்று நினைத்தோம். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு கிளினிக்கில் காட்டியபோதும், "வளர வளரச் சரியாயிடும்" என்று சத்து டானிக் எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். பிறகுதான் தெரிந்தது, அவள் தனக்குத்தானே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று. குத்துக்காலிட்டு உட்காரும்போது தொடையில் போகும் ரத்தக் குழாய்கள் மடங்கி நெருங்கும். உடம்புப் பக்கம் போக ரத்தத்துக்குத் தடை கூடும். அதனால் கூடுதல் ரத்தம் அந்தக் குறுகலான வழியில் நுரையீரலுக்குத் தள்ளப்படும், மூச்சு தெளியும். மருத்துவப் புத்தகத்தில் இருக்கும் இந்த உத்தியைப் பேச்சே சரியாக வராத பிள்ளை கண்டுபிடித்து வைத்திருந்தது. நர்ஸ் சொன்ன "அவளே நின்னுக்குவா" எனக்கு முழுதாகப் புரிந்தது இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

இந்தக் குறைபாடு உள்ள பெரும்பாலான பிள்ளைகள் ஒரு காலத்தில் பெரியவர்களாக வளரவே இல்லை. 1944 நவம்பர் 29 அன்று அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 15 மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு, கைக்குப் போகும் ரத்தக் குழாயைத் திருப்பி நுரையீரல் குழாயோடு இணைத்துத் தைத்தார் ஆல்ஃபிரட் பிளாலக். யோசனை குழந்தை மருத்துவர் ஹெலன் டாசிக் உடையது. ஆய்வகத்தில் அதைச் செய்து செய்து பழகி, ஆபரேஷன் அன்று பிளாலக்கின் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னவர் விவியன் தாமஸ். கறுப்பினத்தவர், தச்சு வேலை தெரிந்தவர், மருத்துவப் பட்டம் இல்லாதவர். பத்து ஆண்டு கழித்து, 1954-இல், மினசோட்டாவில் வால்ட்டன் லில்லெஹை இன்னும் துணிச்சலான ஒன்றைச் செய்தார். இதயத்தைத் திறந்து தைக்கும் நேரத்துக்குக் குழந்தையின் ரத்த ஓட்டத்தைப் பெற்றவரின் ரத்த ஓட்டத்தோடு இணைத்துவிட்டார். பக்கத்து மேஜையில் படுத்திருக்கும் அப்பாவின் இதயமும் நுரையீரலும் பிள்ளைக்கும் சேர்த்து வேலை செய்தன. முதல் குழந்தை 11-ஆம் நாள் நிமோனியாவில் இறந்துபோனது. அப்படியும் அந்த முறையில் செய்த 45 பேரில் 28 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். ஃபாலோ குறைபாட்டை முதன்முதலாக முழுதாகச் சரிசெய்ததும் அதே ஆண்டுதான். இன்று அந்த அப்பாவின் இடத்தில் ஒரு இயந்திரம் நிற்கிறது.

இனி உடம்பு எப்படி வேறு என்பதற்கு வருகிறேன். முதல் காரணம், குழந்தையின் உடம்பு ஏற்கெனவே கட்டுமான வேலையில் இருக்கிறது. எலும்பு, தசை, தோல், ரத்தம் என்று எல்லா இடத்திலும் புதிய செல்கள் உண்டாகிக்கொண்டே இருக்கும் வயது அது. கொத்தனாரும் சித்தாளும் மணலும் சிமெண்டும் களத்தில் தயாராக இருக்கும்போது சுவரில் ஒரு விரிசல் விட்டால் அன்றைக்கே பூசிவிடலாம். வீடு கட்டி முடித்து ஆள்கள் போய் முப்பது வருடமான பிறகு விரிசல் விட்டால் ஆளைத் தேட வேண்டும். தொடை எலும்பு முறிந்த இரண்டு வயதுப் பிள்ளைக்கு நான்கு வார மாவுக்கட்டில் ஒட்டிவிடும், பெரியவருக்கு மூன்று நான்கு மாதம் ஆகும். குழந்தையின் எலும்பை மூடியிருக்கும் சவ்வு தடிமனானது, ரத்த ஓட்டம் நிறைந்தது. கொஞ்சம் கோணலாக ஒட்டினாலும் வளர்ச்சியே அதை நிமிர்த்திவிடும்.

மூளையிலும் இது உண்டு. மருந்துக்கு அடங்காத கடுமையான வலிப்புக்காக மூளையின் ஒரு பாதியையே துண்டித்துவிடும் ஆபரேஷனைச் சிறு குழந்தைகளுக்குச் செய்கிறார்கள். ஒரு கையின் விரல் நுணுக்கம் போய்விடும், பார்வையில் ஒரு பக்கம் குறையும். ஆனாலும் பலரும் நடக்கிறார்கள், பேசுகிறார்கள், பள்ளிக்கூடம் போகிறார்கள். இடது பாதி செய்ய வேண்டிய பேச்சு வேலையை வலது பாதி எடுத்துக்கொள்கிறது. நாற்பது வயதில் இடது பாதி போனால் பேச்சும் பெரும்பாலும் போய்விடும்.

இன்னொரு காரணம் எளிமையானது. அந்தப் பெரியவரின் ரத்தக் குழாய்களில் ஐம்பது வருடக் கொழுப்பும் பீடிப் புகையும் சர்க்கரையும் படிந்திருந்தன. ஒரு நோய்க்கு ஆபரேஷன் செய்தாலும் உடம்பில் வேறு நான்கு காத்திருந்தன. பாப்பாவுக்கு இருந்தது ஒரே ஒரு கோளாறு. அதைச் சரி செய்ததும் மீதி உடம்பு முழுக்கப் புதுசு.

அப்புறம் மனசு. அவர் படுத்த படுக்கையில் என்னென்ன நினைத்திருப்பார்! வேலைக்கு எப்போது போவது, வாங்கிய கடன், மாடியேறினால் தையல் விட்டுப்போகுமோ என்ற பயம். பயம் தசையை இறுக்கும், இறுகிய தசை வலியைக் கூட்டும், வலி நடையைக் குறைக்கும். நடக்காதவருக்கு நுரையீரலில் சளி சேரும். நான்கு வயதுக்கு நாளை என்று ஒன்று கிடையாது. வலித்தால் அழும், வலி நின்றால் விளையாடும். மூச்சை உள்ளிழுத்து மூன்று பந்துகளைத் தூக்கும் பிளாஸ்டிக் கருவி ஒன்று கொடுப்பார்கள். பெரியவர்களைத் தினமும் கெஞ்சித்தான் அதைச் செய்யவைக்க வேண்டும். பாப்பாவும் எதிர்க்கட்டில் பையனும் யார் மூன்றாவது பந்தைத் தூக்குவது என்று போட்டி போட்டார்கள். பதின்வயதுப் பிள்ளைகளிடம் இந்த வசதி குறைந்துவிடுகிறது. உடம்பு சிறுபிள்ளை போல ஆறும், மனசு பெரியவர்கள் போலக் கவலைப்படும்.

பாப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கைக்குழந்தை இருந்தது. ஆறு மாதம், எடை நான்கு கிலோவும் கொஞ்சமும். கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை. அந்த அம்மா சொன்னது இது: "பால் குடிக்கிறப்ப நெத்தியெல்லாம் வேர்த்துப்போகும்க்கா. ரெண்டு வாய் குடிக்கும், விட்டுட்டு மூச்சு வாங்கும்." பால் குடிப்பதுதான் அந்த வயதின் மிகப்பெரிய உழைப்பு, பெரியவர்கள் மலையேறுவது போல. நெற்றி வியர்ப்பதும் விட்டுவிட்டுக் குடிப்பதும் இதயக் கோளாறின் முதல் அறிகுறிகள் என்பதை நம் ஊரில் ஒவ்வொரு பாட்டியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அந்தக் குழந்தை ஏன் வளரவில்லை என்பதை நம் பக்கத்து ஆட்களுக்கு ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை வைத்துச் சொல்லிவிடலாம். மோட்டார் ஓடுகிறது. பைப்பில் பெரிய ஓட்டை. தண்ணீரில் பாதி வயலுக்குப் போகாமல் கிணற்றுக்கே திரும்பி விழுகிறது. மோட்டார் விடிய விடிய ஓடிச் சூடேறுகிறது, வயலோ காய்கிறது. இதயத்தில், ஓட்டை வழியாகத் திரும்பும் ரத்தம் நுரையீரலை நிறைத்துவிடுகிறது. குழந்தை நிமிடத்துக்கு அறுபது எழுபது முறை மூச்சு விடுகிறது. குடித்த பாலின் சக்தியெல்லாம் மூச்சு விடுவதற்கே செலவாகிறது, எடைக்குப் போக எதுவும் மிஞ்சுவதில்லை. ஓட்டையை அடைத்ததும் அந்தச் செலவு நின்றுபோகிறது. அதே பால், அதே அம்மா, ஆனால் எடை ஏறத் தொடங்கும். அடுத்த சில மாதங்களில் விட்டுப்போன வளர்ச்சியைப் பிள்ளை ஓடிப் பிடிப்பதைப் பார்ப்பவர்களுக்கு அதிசயமாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த நான்கு கிலோ உடம்பில் எவ்வளவு ரத்தம் இருக்கும் தெரியுமா? கிலோவுக்கு 80 மில்லி வைத்தால் 320 மில்லி. ஆவின் அரை லிட்டர் பாக்கெட்டைவிடக் குறைவு. பெரியவருக்கு ஒன்றுமே இல்லாத நூறு மில்லி இழப்பு அங்கே உயிர் போகும் விஷயம். உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும், நீர்ச்சத்து சட்டென்று வற்றிவிடும். மீளும் வேகம் எவ்வளவோ அவ்வளவு வேகத்தில் சரியவும் செய்யும். குழந்தைகள் ஐ.சி.யூ.வில் ஒரு கட்டிலுக்கு ஒரு நர்ஸ் நிற்பது இதனால்தான். அந்த முதல் இரண்டு நாளை இன்னொருவர் தாங்கிப்பிடித்த பிறகே குழந்தையின் சொந்தத் திறமை வேலைக்கு வருகிறது.

"குழந்தைதானே, தாங்கிக்கும்" என்ற நினைப்பு மருத்துவத்தையே ஒரு காலத்தில் தவறான வழியில் கொண்டுபோயிருக்கிறது. பச்சிளங்குழந்தைகளுக்கு நரம்பு முதிராததால் வலி தெரியாது, தெரிந்தாலும் நினைவில் நிற்காது என்று 1980-கள் வரை பல நாடுகளில் நம்பினார்கள். மயக்க மருந்தைத் தாங்காது என்று பயந்து, அசையாமலிருக்க மட்டும் மருந்து கொடுத்து, வலியை அடக்காமலே பெரிய ஆபரேஷன்களைச் செய்தார்கள். இந்தியாவில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்த கே.ஜே.எஸ். ஆனந்த் என்ற மருத்துவர் 1987-இல் குறைமாதக் குழந்தைகளை வைத்து உண்மையை நிறுவினார். வலிக்கு மருந்து கொடுக்காத குழந்தைகளின் ரத்தத்தில் அதிர்ச்சியின் சுரப்புகள் பாய்ந்தன, ஆபரேஷனுக்குப் பின் சிக்கல்களும் கூடின. வலியை அடக்கிய குழந்தைகள் நன்றாகத் தேறின. அழ முடியாததால் வலிக்கவில்லை என்று எண்ணிய அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. இன்று குழந்தையின் முகச் சுளிப்பையும் கால் அசைவையும் பார்த்து வலிக்கு மதிப்பெண் போட்டு மருந்து கொடுக்கிறார்கள். பெற்றவர்களும் தைரியமாகக் கேட்கலாம்: "டாக்டர், பாப்பாவுக்கு வலிக்கு என்ன கொடுக்கிறீங்க?"

வீட்டுக்கு வந்த பிறகு எங்களுக்கு மூன்று விஷயங்களில் தடுமாற்றம் வந்தது. ஒன்று, தூக்குவது. நம் வீடுகளில் பிள்ளையை அக்குளில் கை கொடுத்துத்தான் தூக்குவோம். நெஞ்செலும்பு சேர ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும், அதுவரை அப்படித் தூக்கக் கூடாது. ஒரு கை முதுகுக்கும் கழுத்துக்கும், ஒரு கை அடியிலும் கொடுத்து அள்ளித்தான் எடுக்க வேண்டும். தங்கை இதை நன்றாகப் பழகிக்கொண்டாள். பார்க்க வந்த சித்தப்பாக்களையும் பெரியம்மாக்களையும் தடுப்பதுதான் பெரும்பாடு.

அடுத்தது சாப்பாடு. பருப்பு போட்டால் சீழ் வைக்கும், முட்டை புண்ணுக்கு ஆகாது, மீன் கூடவே கூடாது என்று ஆளாளுக்குப் பத்தியம் சொன்னார்கள். அன்போடு சொன்னதுதான். ஆனால் காயம் ஆறுவது புரதத்தால். பருப்பையும் முட்டையையும் நிறுத்தினால் கொத்தனாருக்கு மணல் கொடுக்காமல் சுவர் எழுப்பச் சொல்வது போல ஆகிவிடும். டாக்டர் தினம் ஒரு முட்டை, பருப்பு, கீரை என்றார். எங்கள் வீட்டு ராகிக் களியோடு கீரைக் கடைசல் கொடுக்கலாமா என்று தங்கை தயங்கிக் கேட்டாள். தாராளமாகக் கொடுங்கள் என்றார். தையலில் மஞ்சளோ எண்ணெயோ தடவக் கூடாது என்பதை மட்டும் இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

மூன்றாவது விஷயம் எங்களை நிஜமாகவே கலங்கவைத்தது. பகலெல்லாம் ஓடியாடியவள் ராத்திரியில் அலறி எழுந்தாள். எப்போதோ நின்றுபோன படுக்கை நனைப்பது திரும்ப வந்தது. அம்மா புடவையை விடமாட்டாள். வெள்ளைச் சட்டை போட்ட யாரைப் பார்த்தாலும், பால் சொசைட்டிக்காரரைப் பார்த்தால்கூட, கட்டிலுக்கு அடியில் ஒளிந்தாள். உடம்பு மூன்று வாரத்தில் தேறியது, பயம் தேற மூன்று மாதம் பிடித்தது. பெரிய ஆபரேஷன் ஆன பிள்ளைகளிடம் இது சாதாரணம். திட்டாமல், மிரட்டாமல், நடந்ததை அவர்கள் மொழியில் பேசவிட்டால் பெரும்பாலும் தானே அடங்கும். அவள் ஒரு துணிப் பொம்மையின் நெஞ்சில் பேனாவால் கோடு போட்டு, அதற்கு ஊசி போட்டு, "வலிச்சா சொல்லு சாமி" என்று தானே நர்ஸாகி விளையாடித் தீர்த்தாள். இந்தப் பயம் மாதக்கணக்கில் போகாவிட்டாலோ, பள்ளியில் கவனமும் படிப்பும் பின்தங்கினாலோ டாக்டரிடம் சொல்ல வேண்டும். சிறுவயதில் இதய ஆபரேஷன் ஆன சில பிள்ளைகளுக்குக் கற்றலில் கூடுதல் உதவி தேவைப்படும் என்பது தெரிந்த விஷயம்தான்.

எங்கள் பாப்பாவுக்கு இது ஒரு வயதுக்குள் நடந்திருக்க வேண்டிய ஆபரேஷன். நான்கு வயது வரை போனது என் மனதில் ஆறாமல் இருக்கிறது. பெரிய ஓட்டை உள்ள குழந்தைக்குத் தாமதம் இன்னும் ஆபத்து. நுரையீரல் குழாய்கள் வருடக்கணக்கில் அழுத்தம் தாங்கித் தாங்கி இறுகிவிட்டால், அதற்குப் பிறகு ஓட்டையை மூடவே முடியாத நிலை வந்துவிடும். பிறவி இதயக் குறைபாடு அபூர்வமும் அல்ல, உயிரோடு பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு இருக்கிறது. அக்கா மகளையும் அத்தை மகளையும் கட்டும் வழக்கம் இன்னும் இருக்கிற நம் பக்கத்தில் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடுகளின் வாய்ப்பு கூடுகிறது.

பெண் குழந்தை என்றால் இன்னொரு தாமதமும் சேர்கிறது. நெஞ்சில் தழும்பு வந்தால் நாளைக்கு யார் கட்டிக்குவாங்க என்று எங்கள் வீட்டிலேயே ஒரு குரல் எழுந்தது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத்தான் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கிப் பிறகு தர்மபுரிக்கும் வந்தது. அந்த மண்ணில் இந்தக் குரலுக்கு உடனே, அந்த இடத்திலேயே பதில் சொல்லிவிட வேண்டும். எங்கள் அம்மா சொன்னார்: "உசுரு இருந்தாத்தான்டா கல்யாணம்."

வழிகள் இருக்கின்றன. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவின் வண்டி அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வருகிறது. பாப்பாவின் நீல நகத்தைக் கவனித்தது அந்த வண்டியில் வந்த டாக்டர்தான். அங்கிருந்து மாவட்ட மையம், எக்கோ ஸ்கேன், பிறகு மேல் மருத்துவமனை என்று வழி போகும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, குழந்தைகளின் இதய ஆபரேஷன்களும் அதில் வரும். தர்மபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கிருஷ்ணகிரிக்கும் 2022-இல் வந்துவிட்டது. ஆனாலும் குழந்தையின் இதயத்தைத் திறக்க சென்னை, வேலூர், பெங்களூரு என்றுதான் போகிறோம். சித்தேரி, பெட்டமுகிலாளம் போன்ற மலைக் கிராமங்களிலிருந்து கைக்குழந்தையோடு இறங்கி வருபவர்களுக்கு பஸ் காசும், கூட இருப்பவரின் போன கூலியும், வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளையும் சேர்ந்து அந்தப் பயணத்தைத் தள்ளிப்போட வைக்கும். அந்த நாள்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கிடைத்தால் பாதிப் பேர் முன்கூட்டியே வருவார்கள் என்று நான் நம்புகிறேன்.

பாப்பா இப்போது ஐந்தாம் வகுப்பு. விளையாட்டுப் பிரியடில் அவளை மரத்தடியில் உட்காரவைத்திருந்தார்கள், "ஹார்ட் ஆபரேஷன் பண்ண புள்ளை" என்று. டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்த பிறகு ஓடவிட்டார்கள். தழும்பு அவளோடு சேர்ந்து நீண்டிருக்கிறது. பல் சொத்தை ஆகவிடக் கூடாது, வாயிலிருந்து கிருமி ரத்தம் வழியாக இதயத்துக்குப் போகலாம் என்பதால் இரண்டு வேளையும் பல் தேய்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஃபாலோ ஆபரேஷன் ஆனவர்களுக்கு நுரையீரல் பக்கத்து வால்வு பிற்காலத்தில் கசியக்கூடும். இருபது முப்பது வயதில் அதை மாற்ற வேண்டியும் வரலாம். அதனால் வாழ்நாள் முழுக்க வருடம் ஒரு முறை எக்கோ பார்க்க வேண்டும்.

அவளுடைய டிஸ்சார்ஜ் சம்மரி, எக்கோ ரிப்போர்ட்டுகள், காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரு மஞ்சப்பையில் அரிசிப் பானைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. போன வாரம் போயிருந்தபோது அவளே அதை இறக்கிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். மேலே இருந்த அட்டையில் அடுத்த தேதியை விரல் வைத்துக் காட்டி, "மாமா, இந்தத் தடவ நானே டாக்டர்கிட்ட பேசறேன்" என்றாள்.